மிரோனை எந்தப் பக்கம் எழுதுவது

எங்கள் ஊரில் செபம் என்றால் முதலில் ஒரு தாள். நடுவில் மடித்த தாள். இடப்பக்கம் உயிரோடிருப்பவர்களின் பெயர்கள். வலப்பக்கம், மேலே சின்னதாக ஒரு சிலுவை போட்டு, அதன் கீழே இறந்தவர்களின் பெயர்கள். ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான். குடும்பப் பெயர் எழுதுவதில்லை. என்ன நோய், என்ன குறை, என்ன வேண்டும் என்றும் எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மெழுகுவர்த்தியும் ரொட்டியும் சேர்த்து அந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டால் பாதிரியார் சாமி பூசையில் வாசிப்பார். பெயருக்குப் பின் பெயராக, மூச்சு விடாமல் வாசிப்பார். தன் வீட்டுப் பெயர் வரும்போது அவரவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

அந்தச் சீட்டுகளில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. டான்யூப் ஆறு கடலில் விழும் இடத்தில், நாணல் கூரை போட்ட நூறு வீடுகள் எங்கள் ஊர். என் வயதுப் பெண்களில் ஏழு வகுப்பு முடித்தவள் நான் ஒருத்தி. மீன் கொட்டகையில் பனிக்கட்டிப் பெட்டிகளுக்கு அடையாளச் சீட்டு எழுதுவது என் வேலை. அதனால் வெள்ளிக்கிழமை பிற்பகலில் பெண்கள் என் அடுப்படிக்கு வருவார்கள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பென்சிலால் எழுதுவேன். அக்ரிப்பினா என்று ஒருத்தி, வாத்து வளர்ப்பவள், மருமகனோடு சண்டை போட்ட வாரத்தில் "அந்தத் தடியன் பேர் இந்த வாரம் வேணாம்" என்பாள். அடுத்த வெள்ளி அவன் ஒரு மூட்டை சோள மாவு கொண்டுவந்து போட்டதும் திரும்பச் சேர்க்கச் சொல்வாள். யார் வீட்டில் எந்தப் பெயர் எப்போது இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது என்று ஊரில் எனக்குத்தான் சரியாகத் தெரியும்.

என் கணவர் மிரோனும் அவருடைய கூட்டாளி தனாசேயும் ஒன்பது வருஷம் ஒரே படகில் போனவர்கள். ஒரே படகில் போகிறவர்களின் பெயரைச் சேர்த்தே எழுதுவது எங்கள் வழக்கம். தனாசே வீட்டுச் சீட்டில் மிரோன் இருப்பார், எங்கள் சீட்டில் தனாசே இருப்பார். "தனாசே, மிரோன்" என்று என் கை ஆயிரம் தடவை எழுதியிருக்கும். சாமியும் அதை ஒரே பெயர் மாதிரிதான் வாசிப்பார்.

அந்த வருஷம் அக்டோபர் நடுவில் கடலில் தூண்டில் வரிசைகளை எடுக்கப் போன இருவரும் திரும்பவில்லை. காலையில் தெற்குக் காற்று இருந்தது. பத்து மணிக்குள் அது வடக்குக் காற்றாக மாறி, கடல் ஆற்றுக்குள்ளேயே ஏறி வந்தது. மறுநாள் படகு கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார்கள். நான்காம் நாள் தனாசேயை மணல்திட்டில் கண்டெடுத்தார்கள். அவர் மனைவி சாஃப்தா அவரைக் கழுவி, சட்டை மாற்றி, அழுது, முறைப்படி அடக்கம் செய்தாள். மிரோன் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்பதை வைத்து என் மாமியார் வர்வரா தன் நாட்களை நடத்திக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சில வருஷங்களுக்கு முன் தெற்கே கடலில் தத்தளித்த ஒரு ஊர்க்காரனைச் சரக்குக் கப்பல் ஒன்று தூக்கிப்போட்டுக் கொண்டுபோய், இரண்டு மாதம் கழித்து எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து அவன் ரயிலேறி வந்து சேர்ந்தான். அவனுக்காக நாற்பதாம் நாள் சாப்பாடுகூடப் போட்டுவிட்டிருந்தார்கள். வர்வரா அத்தை இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் மறுக்கவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. மிரோனின் பூட்ஸை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருந்தார், ஈரம் ஏறக்கூடாது என்று. நானும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தேன்.

இலையுதிர் காலத்து இறந்தோர் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஊரே சீட்டுக் கொடுக்கும். முந்தின நாள் என் அடுப்படியில் முப்பதுக்கு மேல் எழுதினேன். விரல் மரத்துப்போயிருந்தது. எல்லோரும் போன பிறகு கடைசியாக அத்தை தன் சீட்டைச் சொன்னார். இடப்பக்கம் முதலில் மிரோன், பிறகு நான், பிறகு நகரத்தில் இருக்கும் தன் மகள். வலப்பக்கம் தன் புருஷன், தன் தாய், சின்ன வயதில் போன இரண்டு குழந்தைகள், கடைசியில் தனாசே. நான் எழுதி, மடித்து, அவர் கையில் கொடுத்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது.

மறுநாள் கோயிலில் மேசை நிறைய வேகவைத்த கோதுமைக் கிண்ணங்கள், சர்க்கரையும் வால்நட்டும் தூவி, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இலாரியோன் சாமி சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வலப்பக்கத்தை மட்டும் வாசித்தார். அத்தையின் சீட்டு வந்தது. அவருடைய புருஷன் பெயர், தாய் பெயர், குழந்தைகள் பெயர். பிறகு சாமியின் வாயிலிருந்து எப்போதும் வருகிற அதே ஓட்டத்தில் வந்தது: தனாசே, மிரோன்.

அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். அத்தை பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து நேராக நடந்துபோய் மேசையின் முன்னால் நின்றார்.

"சாமி, நிறுத்துங்க."

சாமி நிமிர்ந்து பார்த்தார். சாம்பிராணி ஆட்டிக்கொண்டிருந்த பாட்டுக்காரர் கோந்திராத்தின் கையும் நின்றது.

"எம் புள்ள பேர செத்தவங்களோட வாசிச்சிட்டீங்க."

"சீட்டுல இருந்தத வாசிச்சேன், வர்வராம்மா."

"வாசிச்சதத் திரும்ப எடுங்க."

சாமி அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், அதனால் கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. நான் என் காலடித் தரையைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. தனாசே என்று எழுதியதும் கை பழக்கத்தில் மிரோனையும் எழுதியிருக்கிறது. கண் பார்க்கவில்லை.

சாமி மெதுவாகச் சொன்னார். "திரும்ப எடுக்க முடியாதும்மா. இப்ப உயிரோட இருக்கறவங்க பக்கத்துலயும் அவன் பேர வாசிக்கறேன்." சொன்னபடியே இடப்பக்கத்தை வாசித்தார்.

அத்தை அசையவில்லை. "கதவத் தொறந்து அனுப்பிட்டு, சன்னல் வழியா நின்னு கூப்புடுறீங்க," என்றார். அப்புறம் தன் கோதுமைக் கிண்ணத்தைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. ஆகாதவன் பெயரை உயிரோடு இருக்கும்போதே சிலுவைக்குக் கீழே எழுதி வாசிக்க வைத்தால் அவன் வற்றிப்போய்ச் சாவான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சாமிமார் எத்தனை திட்டினாலும் அது போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் பேச்சு வந்துவிட்டது. எவ்தோக்கியாவுக்கு, அதாவது எனக்கு, காத்திருக்கப் பொறுமை இல்லை, வேறு யாரையோ பார்த்துவைத்திருக்கிறாள், அதனால்தான் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். அடுத்த வெள்ளி என் அடுப்படிக்கு நாலைந்து பேர்தான் வந்தார்கள். அக்ரிப்பினா வந்தாள், ஆனால் தாளின் மேலேயே குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எம் பேர அந்தப் பக்கம் போட்டுராத தாயி. வாத்துக் குஞ்செல்லாம் இன்னும் சின்னது," என்றாள்.

சிரிப்பு வராவிட்டாலும் சிரித்தேன். அவள் கெட்டவள் அல்ல.

அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சோளக்களி கிண்டி என் பங்கை மேசையில் வைத்துவிட்டுத் தன் பங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒரே ஒருநாள், மீன் அரிந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் ஒரு வார்த்தை கேட்டார். "அவன் தண்ணியில ஏதோ ஒரு பலகையப் புடிச்சிட்டுக் கெடந்திருந்தா? அந்த நேரம் பாத்து நீ அனுப்பிட்டியே?"

பத்தொன்பது நாள் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு யாரும் கிடக்க முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம்.

சாமியைப் போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் பூண்டு நட்டுக்கொண்டிருந்தார், அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். நான் தவறுதலாக எழுதியதைச் சொல்லி, அந்தச் செபம் மிரோனை ஏதாவது செய்திருக்குமா என்று நேராகக் கேட்டேன். அவர் பூண்டுப் பல்லை மண்ணில் அழுத்திவிட்டு உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"மிரோன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். தெரிஞ்சவர்கிட்டதான் சீட்டுக் குடுக்கறோம். நீ பக்கம் மாத்தி எழுதினா அவர் கொழம்பிப் போவார்னா, நான் இந்த அங்கியக் கழட்டிப் போட்டுட்டு வாளை மீன் புடிக்கப் போறேன்."

பிறகு, மீன் செதில் ஒட்டின என் சீட்டுகளில் பத்துக்கு மூன்று பெயர் தனக்குப் புரிவதே இல்லை என்றும், பதினோரு வருஷமாக அவற்றை ஊகத்தில் வாசித்துக்கொண்டிருப்பதாகவும், அதனால் யாரும் செத்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

அவர் சொன்னது சரி. அன்றைக்கும் சரி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் என் தொல்லை அதுவல்ல. கை பழக்கத்தில் எழுதியது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், அது உண்மையும்கூட. ஆனால் சாமி வாசித்த அந்த நொடியில், 'தனாசே, மிரோன்' என்று கேட்டபோது, என் நெஞ்சு அதிரவில்லை. சரியான இடத்தில் வைத்த பொருளைப் பார்த்த மாதிரி இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர் இறந்துவிட்டார் என்று நான் முடிவு செய்துவிட்டிருந்தேன், என்னிடமே கேட்காமல்.

ஆகவே என் சொந்தச் சீட்டில் அவரை எழுதுவதை விட்டேன். சிலுவைக்குக் கீழே எழுதினால் நானே புதைக்கிறேன். இடப்பக்கம் எழுதினால் பொய் சொல்கிறேன். இரண்டும் வேண்டாம் என்று அவர் பெயர் இல்லாத சீட்டை வாராவாரம் கொடுத்தேன். காலையில் விளக்குக்கு முன்னால் நிற்கும்போதும் அப்படியே. என் தாய்க்காக, சாஃப்தாவின் குழந்தைகளுக்காக, அக்ரிப்பினாவின் முழங்காலுக்காகக்கூட வேண்டினேன். அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஊரில் மிரோனுக்காகச் செபிக்காத ஒரே ஆள் அவர் மனைவிதான்.

டிசம்பரில் ஆறு உறைந்தது. அத்தை தன் சீட்டை இனி வேறு யார் கையும் எழுதக்கூடாது என்று முடிவு செய்திருந்தார் போலும். ஒரு பிற்பகல் நான் கொட்டகையிலிருந்து வந்தபோது அவர் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் மிரோனின் மர மிதவை ஒன்று. தூண்டில் வரிசை அடுத்தவருடையதோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு மிதவையிலும் காய்ச்சிய கம்பியால் பெயரைச் சுட்டு வைப்பது எங்கள் பழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து அத்தை அடுப்புக் கரியால் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வரைந்துகொண்டிருந்தார். எங்கள் லிபியில் அது ஐந்து எழுத்து. நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, வலைக் கண்ணை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு கோடாக எண்ணினார். கடைசி எழுத்து இடம் வலம் மாறித் திரும்பி நின்றது. திருத்திக் காட்ட என் கை துடித்தது. காட்டவில்லை. நான் அடுப்பில் விறகு போட்டேன். அவர் நான் இருப்பதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் செய்தித்தாளை மறைக்கவும் இல்லை.

அந்த ஞாயிறு முதல் அத்தையின் சீட்டில் ஒரே ஒரு பெயர்தான். இடப்பக்கம் நடுவில், பெரிதாக, கடைசி எழுத்து திரும்பி நிற்கும் மிரோன். மற்றவர்களுக்காக மனதுக்குள் சொல்லிக்கொள்வார் என்று நினைக்கிறேன். எழுத அவருக்கு அந்த ஒன்றுதான் தெரியும்.

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு இலாரியோன் சாமிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பூசையைக் கிசுகிசுப்பாகவே நடத்தினார். பாட்டு முழுவதையும் கோந்திராத் ஏற்றுக்கொண்டார். பெயர் வாசிக்கும் நேரம் வந்தபோது கோந்திராத் சீட்டுக் கட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தூரம் கொண்டுபோய், பிறகு நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

"எல்லாம் நீ கிறுக்கினதுதானே. நீயே வாசி. எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது."

கோயிலில் எல்லோருக்கும் முன்னால் மறுக்க முடியாது. பாட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். பெயர்களைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது உதவியாக இருந்தது. அழ இடமில்லை, அழகுபடுத்த இடமில்லை. சாஃப்தாவின் சீட்டு, அக்ரிப்பினாவின் சீட்டு, அதில் மருமகன் இருந்தார். ஒன்பதாவதோ பத்தாவதோ எடுத்தபோது, அந்த ஒற்றைப் பெயர்.

நான் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் அத்தைக்கு முன்னால் சொன்னதில்லை, வெளியில் "அவர்" என்றே பேசிக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாண்டிவிடுவேனோ என்று. ஊரும் பார்த்தது.

"மிரோன்," என்று வாசித்தேன்.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். அடுத்த சீட்டை எடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. விளக்கு அசையவில்லை. எனக்கு மனம் உருகவும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னபோது, அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை, இறந்துவிட்டார் என்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவரைச் சொன்னேன். முப்பத்து நான்கு வயது, இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு, காலையில் யாரோடும் பேசப் பிடிக்காத ஆள், அந்த முழு ஆளை யார் முன்னாலோ கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த மாதங்களில் நான் ஏதோ செய்தி சொல்லும் இடத்தில் இருப்பதாக நினைத்திருந்தேன். தவறான செய்தி போய்விடக்கூடாது, உறுதியாகத் தெரியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று. ஆண்டவருக்கு என்னிடமிருந்து செய்தி தேவையில்லை. அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளச் செபம் இல்லை. எனக்கு வேண்டியவரை நான் என் கையிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அது இருக்கிறது. இதை அன்றைக்கு இத்தனை வார்த்தையில் நினைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இதற்கு மாறாக எதுவும் எனக்குத் தெரியவரவும் இல்லை.

அதற்குப் பிறகு காலைச் செபத்தில் அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். சீட்டில் மட்டும் இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டுமானால் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும், அதை அத்தைக்குத் தெரியாமல் எழுதக்கூடாது. ஒரு தடவை அப்படி நடந்துவிட்டது. இரண்டாவது தடவை கை எழுதக்கூடாது, நான் எழுத வேண்டும்.

பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின சனிக்கிழமையும் இறந்தோர் நாள்தான். அதற்கு முந்தின நாள் மேசையில் தாளை விரித்துவைத்து அத்தையைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் வலைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர், கயிற்றோடே உள்ளே வந்தார்.

"அத்த, நாளைக்கு என் சீட்டுல அவர வலது பக்கம் எழுதப் போறேன். உங்க முன்னாடியே எழுதணும்னு கூப்பிட்டேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த வீட்டில் ஏழு மாதத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் எதிரெதிரே நின்றதில்லை.

"ஏன், பொணம் கெடச்சிச்சா?"

"இல்ல."

"கனவுல வந்தானா?"

"இல்லத்த. எனக்கு அப்படித்தான் தெரியுது. இது என் சீட்டு. நான் வேற மாதிரி எழுதினா அவருக்கு முன்னாடி நடிக்கற மாதிரி ஆகும்."

"எவருக்கு முன்னாடி?"

"ஆண்டவருக்கு."

அத்தை கயிற்றை இன்னொரு சுற்று முறுக்கினார். "என் சீட்டத் தொடாத."

"தொடமாட்டேன். உங்க சீட்டுல அவர் எங்க இருக்காரோ அங்கயே இருக்கட்டும்."

"நாளைக்கே அவன் இந்தக் கதவத் தள்ளிட்டு வந்து நின்னா? என்ன சொல்லுவ அவன்கிட்ட?"

"மன்னிப்புக் கேப்பேன். ரெண்டு அடி போட்டாலும் வாங்கிக்குவேன்."

"அடிக்கமாட்டான்," என்றார் அத்தை. கயிற்று நுனியை முடிச்சுப் போட்டுவிட்டு, "சிரிப்பான். செத்துப்போனவனுக்கு மீன் சாறு கெடையாதான்னு கேப்பான்," என்றார்.

அவர் சொன்ன குரல் அப்படியே மிரோனுடைய குரலாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, சிலுவை போட்டு, அதன் கீழே என் தந்தை, என் தாத்தா, தனாசே என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினேன். அத்தைக்கு அந்த ஐந்து எழுத்தும் இப்போது தெரியும். எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கடேசி எழுத்து கோணலா இருக்கு," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

மாலைக்குள் கோதுமையைக் கழுவி, ஒன்பது தண்ணீர் மாற்றி, வேகவைத்து இறக்கினேன். வால்நட்டை அத்தை உடைத்துக் கொடுத்தார், தனாசேக்காக என்று சொல்லித்தான்.

சனிக்கிழமை சாமி கோயில் வாசலிலேயே என்னை நிறுத்தினார். இரண்டு சீட்டும் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன. ஒன்றில் மிரோன் இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். ஒரே வீட்டிலிருந்து வந்தவை. இப்போது தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். போன தடவை மாதிரி நடுவில் யாரும் எழுந்து வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார், சாம்பிராணிக் கரி வீணாகிறது என்றார். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்து அத்தை சொன்னார்.

"ரெண்டையும் வாசிங்க சாமி. எந்தப் பக்கம் இருக்கான்னு பாத்துக்க வேண்டியவர் பாத்துக்குவார். நாங்க ரெண்டு பேரும் தேடிட்டுதான் இருக்கோம்."

சாமி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பூசையில் உயிரோடிருப்பவர்களின் பெயர் வாசிக்கும்போது அத்தையின் மிரோன் வந்தார். அதற்குப் பின் கோதுமைக் கிண்ணங்களுக்கு முன்னால் நின்று இறந்தவர்களை வாசிக்கும்போது என் மிரோன் வந்தார், தனாசேயோடு ஒட்டிக்கொண்டு, பழைய ஓட்டத்தில். இந்தத் தடவை என் நெஞ்சு அதிர்ந்தது. அதிரட்டும் என்று விட்டேன். இரண்டு தடவையும் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை அத்தை என்ன செய்கிறார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாஃப்தா பார்த்திருக்கிறாள். கை பாதிவரை எழுந்தது, அப்புறம் முழுவதும் எழுந்தது என்று பிறகு சொன்னாள்.

எல்லோரும் வெளியே வந்து, மதில் ஓரத்து மர நிழலில் கோதுமையைப் பங்கிட்டார்கள். யார் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்தாலும் "ஆண்டவர் அவர மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுவது முறை. சாஃப்தா என்னுடையதிலிருந்து எடுத்தாள். அக்ரிப்பினா எடுத்தாள், இரண்டாம் முறையும் எடுத்தாள். பேச்சைக் கிளப்பியவர்களில் இருவர்கூட வந்து எடுத்தார்கள். நான் எதுவும் காட்டிக்கொள்ளாமல் நீட்டினேன்.

அத்தை கடைசியில் வந்து நின்றார். கரண்டியைக் கேட்டு வாங்கினார்.

"தனாசேக்காகத்தான் எடுக்கறேன். வேற ஒண்ணும் நெனச்சுக்காத."

"சரித்த."

வாயில் போட்டு மென்றார். அவருக்குப் பல் குறைவு, நேரம் பிடித்தது. கடற்பக்கத்திலிருந்து காற்று வந்து மெழுகுவர்த்திகள் எல்லாம் அணைந்துபோயிருந்தன. இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு, கிண்ணத்துக்குள் பார்த்தபடியே சொன்னார்.

"சக்கரை போதல. அடுத்த தடவ இன்னும் ஒரு கை சேத்துப் போடு. எம் புள்ளைக்கு இனிப்பு தூக்கலா இருக்கணும்."

சேர்த்துப் போடுகிறேன் என்றேன். அவர் இரண்டாவது கரண்டியையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு கிண்ணத்தின் ஒரு பக்கத்தை அவர் பிடித்துக்கொள்ள, மறு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு, இன்னும் எடுக்காதவர்களிடம் கொண்டுபோனோம்.